மரத்த பாதத்துக்கு ஒத்தடம்

ஆஸ்பத்திரியில் கொழுப்பை உறையவைக்கும் இயந்திரத்தின் கிண்ணத்தைக் கழற்றியதும் மதினியின் வலது பாதத்தின் மேலிருந்த சதை, பிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய்க் கட்டி போல விறைத்து நின்றது. தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். மதினி, என் அண்ணன் மனைவி, என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்தாள். "ஏட்டி, எனக்கே இல்லாத பயம் உனக்கென்னத்துக்கு?"

பயப்படாமல் எப்படி? தாராவிச் சந்தில் தண்ணீர் டேங்கர் ஏறி, அந்தப் பாதத்தின் மேல்தோல் முழுக்கப் போயிருந்தது. தொடையிலிருந்து தோலும் கொழுப்புமாக எடுத்துப் போர்த்தி, ரத்தக் குழாயை இணைத்து, காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் ஒட்டிய சதை பாவ் ரொட்டி மாதிரி உப்பிக்கொண்டது. அதில் உணர்ச்சியும் கிடையாது. எந்தச் செருப்பும் நுழையவில்லை. அவளுக்குச் செம்பூரில் ஒரு மழலையர் பள்ளியில் ஆயா வேலை. வெறுங்காலோடு ரயில் ஏறி எத்தனை நாள் போவாள்? இன்னொரு தடவை கத்தி வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தாள். அதனால்தான் கொழுப்பை உறையவைத்துக் கரைக்கும் இந்த வைத்தியம். இரண்டு மூன்று மாதத்தில் தானாக வற்றும், அதுவரை மேலே மருந்து கிருந்து எதையும் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

சாயங்காலமாகியும் சதை சிவந்து, தடித்து, சில்லென்றே இருந்தது. ரத்தம் ஓடவில்லையோ, ஒட்டிய சதை செத்துக்கொண்டிருக்கிறதோ என்று பயந்துபோனேன். எங்கள் வீட்டில் வீக்கம் என்றால் யாரையும் கேட்பதில்லை. கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்போம். ஒத்தடத்தை யார் மருந்துக் கணக்கில் சேர்த்தார்கள்? வழக்கம்போல முடிச்சைப் பாதத்தில் வைத்துவிட்டு, வழக்கம்போலக் கேட்டேன்.

"சூடு பொறுக்கா மதினி?"

"ஒண்ணுந் தெரியல. இன்னுங் கொஞ்சம் அமுத்திப் பிடி."

அமுக்கிப் பிடித்தேன். உணர்ச்சியே இல்லாத காலிடம் சூடு பொறுக்கிறதா என்று கேட்டிருக்கிறேன் என்பது மறுநாள் காலை, எலுமிச்சம்பழம் அளவுக்கு எழும்பியிருந்த கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

டாக்டர் முகம் கறுத்துவிட்டது. இந்தச் சதை போனால் பாதத்தையே இழக்க நேரலாம் என்றார். "கிஸ்னே கியா?" என்று அதட்டினார். யார் செய்தது? நான் வாயைத் திறந்தேன். மதினியைப் பார்த்தேன். "மைனே ஹீ, டாக்டர் சாப்," என்றாள் மதினி. நானேதான். படிக்காத ஜென்மம் என்பது வரைக்கும் திட்டினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

பிறகு, சிவப்பு ரத்தம் வந்தால் சதைக்கு உயிர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் ஊசியால் சதையின் ஓரத்தில் குத்தினார். மதினி பாதத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன நெறம்? சொல்லுட்டி." ஊசி முனையில் ஒரு பொட்டு ரத்தம் துளிர்த்தது. "செவப்புதான் மதினி," என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

புண் ஆற ஒரு மாதத்துக்கு மேலானது. சதையும் மெல்ல வற்றியது. இப்போது பட்டை வைத்த செருப்புப் போட்டு வேலைக்குப் போகிறாள். சொந்தக்காரர்கள் சாப்பிட வந்தால் அண்ணனுக்கு இந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். "மரத்த கால்ல எவளாவது சூடு வைப்பாளா? இவ வச்சா பாருங்க!" என்பான், மதினியைக் காட்டி. எல்லோரும் சிரிப்பார்கள். மதினியும் சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி சோறு போடுவாள். நான் குனிந்து சாப்பிடுவேன். இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.