பின் நங்கூரத்து ஏகாம்பரம்

பட்டுக்கடை வாசலில் ஒரு கல்யாண வீட்டார் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது ஏகாம்பரத்தின் மகன் சரவணன் போன் செய்தான். "மாமா, அப்பா போய்ட்டாரு" என்றான். "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கடைக் கதவைத் திறந்து அவர்களுக்கு வணக்கம் வைத்தேன். முகூர்த்த நேரத்தில் மாற்று ஆள் கிடையாது. கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஏகாம்பரமும் நானும் அந்தக் கடையில்தான் செக்யூரிட்டி. மதியம் விட்டார்கள். பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரத்தின் வீட்டுக்கு நடந்து சேர்வதற்குள் கால் ஓய்ந்துவிட்டது. அழக்கூடத் தெம்பில்லை.

நம் முன்னாள் படைவீரர்களுக்கு எழுதும் இந்த அஞ்சலியில் ஏகாம்பரத்தை 'அவர்' என்று எழுதத்தான் வேண்டும். கை வரவில்லை, மன்னியுங்கள்.

நாங்கள் இருந்தது டாங்கிகளைக் கரையில் இறக்கும் கப்பல். அதன் வயிற்றில் டாங்கிகளும் லாரிகளும் நிற்கும். முன்பக்கம் இரண்டு பெரிய கதவுகள். திறந்தால் சாய்தளம் இறங்கும். துறைமுகம் வேண்டாம், மணலிலேயே ஏறி நிற்கும். அதற்காக அடிப்பாகத்தைத் தட்டையாக வைத்துவிட்டார்கள். அதனால் சின்ன அலைக்கும் தாம்பாளம் மாதிரி ஆடும். ஏகாம்பரத்துக்கு ஒவ்வொரு பயணத்திலும் வாந்தி. மாத்திரையெல்லாம் சும்மா. "கரைக்குன்னு செஞ்ச கப்பல்பா இது. கடல்ல ஆடத்தான் செய்யும்" என்பான். கப்பலின் மேல் அவனுக்குக் கோபமே வந்ததில்லை. எனக்கு வரும்.

அவன் வேலை பின்பக்க நங்கூரம். கரையில் ஏறப் போகிற கப்பல், தூரத்திலேயே அதைக் கடலில் போட்டுவிட்டு வடத்தை விட்டுக்கொண்டே போகும். திரும்பும்போது விஞ்ச் என்ற சுழல் எந்திரத்தால் வடத்தைச் சுற்றினால், கப்பல் தன்னைத்தானே மணலிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். நங்கூரத்தைத் தாமதமாகப் போட்டால் அது கரைக்குப் பக்கத்திலேயே விழுந்து, பிடிப்பில்லாமல் வந்துவிடும்.

கடல் பொங்கி ஊர்களை அழித்த பிறகு, ஒரு தீவுக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுபோனோம். காலையில் கரையை நெருங்கும்போது நங்கூரத்தை விடச் சொல்லி உத்தரவு வந்தது. பின்தளத்தில் போனைப் பிடித்திருந்தவன் நான். கத்தினேன். ஏகாம்பரம் கம்பியில் சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்து வந்து நங்கூரத்தை விடுவதற்குள் கப்பல் வெகுதூரம் போய்விட்டது. சரக்கை இறக்கி, காத்திருந்த மக்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், நங்கூரம் மணலை உழுதுகொண்டு வருகிறது. நீரும் வடிந்துவிட்டது. சாயங்காலம் நீர் ஏறும்வரை அசைய வழியில்லை.

மதியத்துக்கு மேல் காட்டுக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். தீவின் மறுபக்கத்தில் தப்பிப் பிழைத்தவர்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருந்தார்கள். அப்படிச் சிலர் உயிரோடு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. நாங்கள் நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் வெறும் மணலைத்தான் பார்த்திருப்பார்கள். எல்லோரையும் ஏற்றினோம். ஏகாம்பரத்துக்கு விசாரணை நடந்தது, பதவி உயர்வு நின்றது. கடைசிவரை அதே பதவிதான்.

ஊரில் இந்தக் கதை வேறு மாதிரி வளர்ந்தது. ஜனங்களைக் காப்பாற்ற வேண்டுமென்றே கப்பலை நிறுத்தினாராம். நம் முன்னாள் படைவீரர் கூட்டத்தில் ஒருவர் அப்படியே பேசி சால்வையும் போட்டார். உங்களில் பலர் அன்று இருந்தீர்கள். ஏகாம்பரம் மைக்கை வாங்கி, "வாந்தி எடுத்துக்கினு இருந்தேன்பா, அவ்ளோதான். அவங்க வந்தது அவங்க கால்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். தன்னடக்கம் என்று கை தட்டினார்கள். சலித்துப்போய் என்னைப் பார்த்தான்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது சரவணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "படத்திறப்புல நீங்கதான் பேசணும் மாமா. அப்பா வேணும்னேதான் நிறுத்துனாருன்னு சொல்லுங்க. கூட இருந்தது நீங்க ஒருத்தர்தான். என் பசங்களுக்கு அது ஒண்ணாவது இருக்கட்டும்."

தூக்கமில்லாமல் யோசித்தேன். அப்பனை இழந்த பிள்ளை கேட்கிறான். ஒரு பொய்யால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் ஏகாம்பரம் எழுந்து மைக்கை வாங்க முடியாத இடத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படத்திறப்பில் நடந்ததை நடந்தபடி பேசினேன். யாரும் கை தட்டவில்லை. சரவணன் தலையைத் தூக்கவில்லை.

நான் செருப்பைப் போடும்போது பின்னாலேயே வந்தான். "எல்லா டிரிப்லயும் வாந்தியா மாமா?"

"எல்லாத்துலயும்தான்."

"கரையில வேற வேலை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா குடுத்திருப்பாங்க. கடல்ல இருந்தா சம்பளம் கொஞ்சம் கூட வரும். நீ அப்போ காலேஜ்ல சேந்திருந்த."

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நீங்கள் ஏகாம்பரத்தை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்வது இதுதான்: வாந்தி எடுத்து முடித்ததும் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, திரும்ப விஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நிற்பான்.