பல்வலி

இராயபுரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா, தினமும் வீடு வீடாக வந்து பெண்பிள்ளைகளை அழைத்துப் போவாள். ஒட்டிய கன்னம், நீண்ட கைகள். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். வாசலில் நின்று கைதட்டுவாள்.

நான் பெரியவளானதை அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா மறைத்திருந்தாள். தெரிந்தால் படிப்பு நின்றுவிடும். ஆயாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

மாதாமாதம் வகுப்பில் வலி தாங்காமல் சுருண்டுவிடுவேன்.

"வவுத்துவலின்னு சொன்னா மாட்டிக்குவே. பல்லுவலின்னு சொல்லு கண்ணு" என்றாள் ஆயா. அப்படியே சொல்லிவந்தேன்.

மூன்றாம் மாதம் வெள்ளைக்கார டீச்சரம்மா இரக்கப்பட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டர் நல்ல கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார். நான் உண்மையைச் சொல்லவில்லை. கூட வந்த ஆயாவும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அந்த நாள் வந்தபோது, வழக்கம்போல வாசலில் கைதட்டல் கேட்டது.

"இனிமே காதுவலின்னு சொல்லு" என்றாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை.

நான் தலையாட்டினேன்.