இரண்டு மண்டபங்களின் வள்ளல்

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையை உதறிவிட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் நாகரத்தினம் தொடங்கிய தொழிலுக்கு மலேசியாவின் கேமரன் மலையில் அப்போது பெயரே கிடையாது. தேயிலைத் தோட்டத்து ஜனங்களின் சேமிப்பை வாங்கி, பக்கத்துத் திரிங்காப் ஊரின் காய்கறிகளை விளையும் முன்பே விலை பேசிவிடுவார். பாதிப் பணம் முட்டைக்கோஸில், பாதி தக்காளியில். மழை தக்காளியை அழுக வைத்தால் கோஸ் காப்பாற்றும். வெயில் கோஸை வாட்டினால் தக்காளி கைகொடுக்கும். லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. நட்டம் வந்தால் அது அம்மன் சித்தம்.

பத்தே வருடத்தில் பிரிஞ்சாங் டவுனில் மாடி வீடு, வெள்ளைக் கார். ஆனாலும் நெஞ்சில் ஒரு முள். தோட்டத்தின் மேல் டிவிஷன் மாரியம்மன் கோயில் திருவிழாவில் முதல் மாலை எப்போதும் கங்காணி குடும்பத்துக்குத்தான். புல்வெட்டும் தொழிலாளியான அவர் அப்பா ஒரு வருடம் ஆசையாகக் கழுத்தை நீட்டி, ஊர் பார்க்க ஒதுக்கப்பட்டார். அன்று அப்பா வடித்த கண்ணீரை நினைத்தால் நாகரத்தினத்துக்குச் சோறு இறங்காது. இரண்டாவது தட்டில்தான் இறங்கும்.

எண்பத்து நான்கில் அவர் கோயில் தலைவர் கருப்பையாவிடம் போனார்.

“கல்யாண மண்டபம் கட்டித் தரேன் அண்ணே. முதல் மாலை எனக்கு.”

“கங்காணி வீட்டுல என்னா சொல்வாங்களோ. கூட்டத்துல கேட்டுச் சொல்றேன்லா.”

தொழில் புத்தி விழித்துக்கொண்டது. அன்றைக்கே பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் இருந்த கீழ் டிவிஷன் கோயிலுக்கும் போய், முதல் மாலைக்கு அதே மண்டபத்தை அங்கேயும் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார்.

“ரெண்டு எடத்துலயுமா?” என்றாள் மனைவி பவளம்.

“ஒருத்தன் மாட்டேம்பான், ஒருத்தன் சரிம்பான். கோஸும் தக்காளியும் மாதிரி.”

“தக்காளிக்கு மைக் செட் கெடையாதுங்க.”

மேல் டிவிஷன் சம்மதித்தது. கீழ் டிவிஷனிலிருந்து பதிலே வராததால், மறுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு கோயிலுக்கும் சித்திரைப் பௌர்ணமியில்தான் திருவிழா. மேல் டிவிஷனில் முதல் மாலை அவர் கழுத்தில் விழுந்தது. “அப்பா” என்று வானத்தைப் பார்த்து அவர் விம்மிய அதே கணத்தில், பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்மலை ஒலிபெருக்கி முழங்கியது.

“மண்டப வள்ளல் நாகரத்தினம் ஐயா உடனே கீழ் டிவிஷன் வரவும். முதல் மாலை வாடிக்கிட்டிருக்கு.”

மேளம் நின்றது.

“அங்கயும் ஒரு கழுத்து வச்சிருக்கீங்களா?” என்றார் கருப்பையா.

கொழுந்து பறிக்கும் காளியம்மா முன்னால் வந்தாள். “மண்டபம் வரலன்னா நாளைக்கே உங்ககிட்ட சேத்து வச்ச எங்க டுயிட்ட எடுத்துருவோம்லா, கிராணி.”

சாயங்காலத்துக்குள் கீழ் டிவிஷனும் அதையே சொல்லி அனுப்பியது. எல்லார் பணமும் கோஸாகவும் தக்காளியாகவும் மண்ணில் நின்றது. நாகரத்தினத்துக்கு நிஜமாகவே சோறு இறங்காத நாள் அதுதான். காரை விற்றார், அப்படியும் ஒரு மண்டபத்துக்குத்தான் பணம் தேறியது. அதைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்.

மேல் டிவிஷனில் நான்கு சுவரும் எழும்பின, கூரை இல்லை. கீழ் டிவிஷனில் தூண்களின் மேல் அழகான தகரக் கூரை, சுவர் இல்லை. வள்ளலின் பெயர்ப்பலகை இரண்டிலும் முழுசாக இருந்தது.

வெயில் என்றால் கல்யாணம் மேலே, மழை என்றால் கீழே. வானத்தை யார் நம்புவது? மலை ஜனங்கள் இப்போது இரண்டு மண்டபத்துக்கும் பாதிப் பாதி முன்பணம் கட்டி வைக்கிறார்கள்.