திருப்பி மாட்டிய அட்டை

லிடியா அக்காவுக்கு வேலை, ஜக்கார்டு அட்டையில் ஓட்டை குத்துவது. அட்டையில் ஓட்டை விழுந்தபடிதான் தறியில் பூ விழும். ஆரணிச் சேலைகளில் பாதி மயில்களுக்குக் கால் வைத்தவள் அவள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் அட்டைகளைக் கோத்துத் தறியில் மாட்டுவேன். நடுநடுவே அவள் செருப்பை ஒளித்து வைப்பேன்.

சர்ச் நூலகத்தில் எடுத்த கிரேக்கக் கதைப் புத்தகம் எப்போதும் அவள் மடியில் கிடக்கும். பெரிய சாமிகளைத் தள்ளிவிட்டு, யாருக்கும் தெரியாத பெண்களையே தேடுவாள். சூரியனைப் பார்த்துப் பார்த்தே பூவாகிப்போன கிளைட்டி. அப்புறம் பிலோமெலா. அக்கா புருஷனே அவளைக் கெடுத்து, நாக்கை அறுத்துப் பூட்டி வைத்தானாம். அவள் நடந்ததைத் துணியில் நெய்து அக்காவுக்கு அனுப்பினாளாம்.

"நெய்யத் தெரிஞ்சவ நாக்கை அறுத்து இன்னா புண்ணியம்? கூமுட்டைப் பையன்," என்றேன்.

லிடியா அக்கா சிரிக்கவில்லை. அவள் தங்கச்சி சாரா தெள்ளாரில் புருஷனிடம் அடி வாங்கிகினு கிடந்தாள். என்றோ அவர்கள் அப்பா கோபத்தில் "இனிமே இங்க வராதே" என்றதை நம்பிக்கொண்டு. இப்போது அப்பாவே வரச் சொல்கிறார். சொல்வது எப்படி? கடிதாசி போட்டால் புருஷன் கிளமெண்ட் படித்துக் கிழிப்பான். அக்கா போனால் வாசலோடு விரட்டுவான்.

தொண்ணூற்றெட்டு கிறிஸ்துமசுக்கு, தறியில் ஏற்றிய பாவு நூலில் மிஞ்சிய முக்கால் மீட்டரில் ஒரு ரவிக்கைத் துண்டு நெய்தோம். கரையில் ஜரிகையால் 'வந்துடு'. ரவிக்கைத் துண்டை ஆம்பளை எதற்குப் பிரிக்கப் போகிறான்?

தறியிலிருந்து அறுத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டு கிடக்கிறது. அட்டையை நான் திருப்பி மாட்டியிருந்தேன்.

"உன் வெளாட்டுக்கு இதாடி கெடச்சுது?"

"சத்தியமா தெரியாமதாங்க்கா."

என் ஆயிரம் பொய்யை நம்பியவள் இந்த ஒரு நிஜத்தை நம்பவில்லை.

வேறு பாவு இல்லை. அக்காவைத்தானே விரட்டுவான் என்று அதையே நான் தெள்ளாருக்கு எடுத்துப் போனேன். கிளமெண்ட் என் கையிலிருந்தே பிடுங்கி விரித்தான்.

"இன்னாது, கொடியா?"

"புது டிசைனுங்க."

சாரா வாங்கித் திருப்பி, உள்பக்கம் ஒரு பிசிறைக் கிள்ளினாள். "சரி, கெளம்பு," என்றாள். அவ்வளவுதான்.

அப்புறம் லிடியா அக்காவுக்கு உட்கார முடியவில்லை. ஓட்டையை மாற்றிக் குத்தினாள். தெள்ளார் ஆட்கள் ஏறிவரும் வந்தவாசி பஸ் ஒவ்வொன்றுக்கும் ஸ்டாண்டுக்கு ஓடினாள். நான் செருப்பை ஒளிப்பதை விட்டுவிட்டேன். கதையில் அந்த அக்கா வந்தாளா என்று கேட்டேன். "வந்தா," என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் சாரா பையோடு இறங்கினாள். உதடு வீங்கியிருந்தது. கட்டிக்கொண்டு அழுத அக்காவின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

"எவடி அட்டையைத் திருப்பி மாட்டினவ? பின்பக்கம்தான் படிக்க முடிஞ்சுது. நேரா இருந்திருந்தா அவனே படிச்சிருப்பான்."

"நான்தான். வேணும்னேதான்," என்றேன்.

இந்தப் பொய்யையும் அக்கா நம்பிவிட்டாள்.