படிவத்தில் ஒரு ஊசி

அப்பா முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் அளப்பார். ஆனால் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டால் ஒரு எண்கூடத் தப்பாக எழுத வராது. அந்தக் குணம் மட்டும் இல்லையென்றால் அன்று எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

பிழைப்புக்காக வெளிநாட்டில் கிடக்கும் மகளைப் பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை, முப்பது நாள் விசாவில் வருவார். வந்த மறுநாளே குழாய், கதவு, என் சமையல் என்று எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்துவிடுவார். நானும் சும்மா இருப்பவள் இல்லை, கோபம் எனக்கு மூக்கு நுனியில். கணவருக்குக் கப்பலில் வேலை, பாதி வருஷம் வீட்டிலேயே இருக்க மாட்டார். எனவே எங்களுக்குள் பஞ்சாயத்து பண்ணுவது என் ஆறு வயது மகள் பொடிசுதான்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்கள் குடியிருப்புக்காரர்கள் கடற்கரையைச் சுத்தம் செய்வோம். பொறுக்கியதையெல்லாம் எண்ணிப் படிவத்தில் குறிக்க வேண்டும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் பொறுப்பு. கூரான பொருள் கிடைத்தால் யாரும் தொடக் கூடாது, என்னைக் கூப்பிட வேண்டும். நான் இடுக்கியால் எடுத்துச் சிவப்பு டப்பாவில் போடுவேன். இந்தத் தடவை அப்பாவும் பொடிசும் ஜோடி.

"அவ கையுறையக் கழட்டாம பாத்துக்கோங்கப்பா."

"ஒரு பஸ் கூட்டத்தையே கட்டி மேய்ச்சவன்மா நான். இந்தச் சுண்டைக்காயப் பாத்துக்கத் தெரியாதா?"

அன்று சிவப்பு டப்பா காலியாகவே வீடு திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படிவங்களை ஏற்ற உட்கார்ந்தேன். அப்பாவுடையது அச்சடித்த மாதிரி இருந்தது. மூடி 61. ஸ்ட்ரா 48. செருப்பு 3. கடைசி வரியில், ஊசி 1.

என் கை அப்படியே நின்றுவிட்டது. பொடிசின் விரலில் நேற்றிலிருந்து ஒரு பிளாஸ்டர். நண்டு கடித்ததாக அப்பா சொன்னார், நானும் இருந்த அசதியில் அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பா, இந்த ஊசி எங்க?"

"எந்த ஊசி?"

"நீங்க எழுதினீங்களே, அது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேப்பர்ல நல்லா சுத்திக் குப்பையில போட்டுட்டேம்மா."

"அவளுக்குக் குத்துச்சா?"

துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"வாயத் திறந்து சொல்லுங்கப்பா."

"கை வேர்க்குதுன்னு கையுறையக் கழட்டிட்டா. லேசாதான் குத்துச்சு. ஒரு பொட்டு ரத்தம். சோப்பு போட்டுக் கழுவிட்டேன். நீ கத்துவியேன்னு..."

கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. வயசுக்கேத்த புத்தி வேண்டாமா என்று கேட்டது நினைவிருக்கிறது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, குத்தி எவ்வளவு நேரமாயிற்று என்றுதான். மூன்று நாளுக்குள் மருந்து உள்ளே போயாக வேண்டுமாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லதாம். அப்பாவிடம் திரும்பினேன்.

"நேத்துக் காலையில ஏழு இருபது" என்றார்.

யாரோ போட்டு எறிந்த ஊசி இப்படிக் குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து மிகவும் குறைவுதான், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. இன்றைக்கு ஒரு தடுப்பூசி, இருபத்தெட்டு நாள் மருந்து, மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. அது வந்தால்தான் நிச்சயம்.

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று டாக்டரம்மா பொடிசைக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் கற்ற இந்த ஊர் பாஷையில் அவள் பட்டென்று பதில் சொன்னாள். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து எழுதத் தொடங்கினார்.

"என்னம்மா சொல்றா?" என்றார் அப்பா.

அம்மா தாத்தாவைத் திட்டுவாள், திட்டினால் தாத்தா சாப்பிட மாட்டார். இதுதான் அவள் சொன்னது.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

வியாழக்கிழமை அப்பாவுக்கு விமானம், அன்றோடு விசாவும் முடிந்தது. அந்த நாலு நாளும் பொடிசுக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்தது அவர்தான். விமான நிலையத்தில் பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ரிசல்ட் எப்படி வந்தாலும் ஃபோன் போட்டுச் சொல்லிடும்மா. வயசானவன், தாங்க மாட்டான்னு எங்கிட்ட மறைச்சிடாத."

நீங்கள் மறைக்கவில்லையா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிக்கொண்டேன்.

"சொல்றேம்பா."

உள்ளே போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையாட்டினார். ரிசல்ட் நல்லபடியாக வராவிட்டால் இந்த மனிதரிடம் அதை எந்த வாயால் சொல்வேன் என்று அங்கேயே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.