பேரிங்கை அளக்காத இன்ஜினியர்

நேற்று சலூனில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டேன். எண்பதை நெருங்கியும் இந்த ஆசை விடவில்லை, சிரிக்காதீர்கள். அம்மோனியா நெடி மூக்கில் ஏறியதும், சென்னையில் நான் முதலில் வேலை பார்த்த பெரிய கம்பெனியின் வரைபட அறை ஞாபகம் வந்துவிட்டது. அங்கே பிரின்ட் எடுக்கும் இயந்திரம் நாள் முழுக்க இதே நெடியைத்தான் கக்கும்.

அறுபதுகளின் கடைசி. டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை. கேன்டீன், யூனிபார்ம், ஞாயிறு லீவு எல்லாம் உண்டு. மூன்று வருடம் பம்பின் மூடியை மட்டுமே வரைந்தேன். உள்ளே சுழலும் தண்டை வரைபவர் வேறொரு மேஜை. நான் வரைந்ததைச் சரிபார்க்க ஒருவர், அதற்கும் மேலே ஒப்புதல் தர இன்னொருவர். தப்பு வந்தால் மெமோ மேஜை மேஜையாகச் சுற்றும். கடைசியில் யாராவது ஓர் அப்பாவி வேறு செக்‌ஷனுக்குப் போவார். அந்தப் பம்பு தண்ணீர் இறைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்பா படுக்கையில் விழுந்ததும் ஊருக்குத் திரும்பி, காஞ்சிபுரத்தில் முனிரத்தினம் நாயுடுவின் பட்டறையில் சேர்ந்தேன். மொத்தம் எட்டுப் பேர். முதல் நாள் இஸ்திரி போட்ட சட்டையோடு போய், "டிசைன் செக்‌ஷன் எங்க சார்?" என்று கேட்டேன்.

"நீதாம்பா."

"செக்கிங்?"

"அதுவும் நீதான். போய் அந்த மோட்டாரை ஒரு கை புடி."

சேர்ந்த இரண்டாவது மாதம், திருப்பருத்திக்குன்றத்துச் சமண விவசாயியான நயினார் ஒருவரின் கிணற்றுப் பம்பில் தண்டு உடைந்தது. நெல் பால் பிடிக்கும் நேரம். பழைய தண்டை அளந்து நான் படம் போட்டுக் கொடுத்தேன். பட்டறையின் கடைசல்காரர் கோவிந்தன் லேத்தில் கடைந்தார். மாட்டி ஓட்டினால், பம்பு கிடுகிடுவென ஆடி, அலறி, நின்றுவிட்டது. நயினார் வெடிக்கத் தொடங்கியிருந்த வயலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாயுடு கோவிந்தன் மேல் பாய்ந்தார். "இன்னாய்யா கடைஞ்சே? பேரிங்குல தண்டு லொடலொடன்னு ஆடுதே!"

"படத்துல இருந்த அளவுதாங்க போட்டேன்," என்றார் கோவிந்தன், கெஞ்சுகிற குரலில்.

எனக்குப் புரிந்துவிட்டது. பழைய தண்டில் தேய்ந்த இடத்தை அளந்திருக்கிறேன்; அதைத் தாங்கும் பேரிங்கை அளக்கவே இல்லை. பெரிய கம்பெனியில் இந்தத் தப்பை அடுத்த மேஜை பிடித்திருக்கும். அப்பாவின் மருந்துச் சீட்டு கண்ணில் வந்து போனது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி கோவிந்தன் தலையிலேயே தங்கியிருக்கும்.

"என் தப்பு சார். தேஞ்ச இடத்தை அளந்துட்டேன்."

நாயுடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தப்பு எதுன்னு தெரிஞ்சிபோச்சி இல்ல? அப்புறம் இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கே? பேரிங்கை அள."

அவ்வளவுதான். மெமோ இல்லை. அளவு கருவியை எடுத்துக்கொண்டு பம்பருகே குனிந்தேன்.

மறுநாள் மதியம் புதுத் தண்டை மாட்டினோம். குழாய் இரண்டு முறை இருமிவிட்டு, வெள்ளையாகத் தண்ணீரைக் கொட்டியது. கோவிந்தன் என் கையைப் பிடித்து இழுத்து அதன் கீழே நிறுத்தினார். "உன் தண்ணிப்பா, நல்லா குளி!"

பட்டறை இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. கோவிந்தனும் நாயுடுவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நயினாரின் கிணற்றைத் தூர்த்து யாரோ மனை போட்டுவிட்டார்கள். அந்த வழியாகப் போனால் எந்த வீட்டுக்குக் கீழே அது இருந்தது என்று என்னால் சொல்ல முடிவதில்லை.