குழாய்க்குள் பிடித்த கல்

கண்டி மலையில் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அப்போது நான் பிட்டராக இருந்தேன். எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். குழாய்க்குள் அது கல்லாகப் படிந்து வழியையே அடைத்துவிடும். எஞ்சினை நிறுத்தி, குழாயைக் கழற்றி, நீளக் கம்பியால் குத்திக்குத்தி அதைப் பெயர்ப்பது என் வேலை. விரல்களில் தோல் உரியும். அது கஷ்டமான வேலை என்று யாரும் சொன்னதில்லை.

பர்மாவில் கலவரம் வந்தபோது என் மனைவியின் அண்ணன் அங்கிருந்து தப்பி எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தவர். பூமிக்குள் வெகு ஆழம் இறங்கும் குழாய்களிலும் இதே வெள்ளைக் கல் பிடிக்குமாம். திராவகத்தை இறக்கினால் பொங்கிக் கரைந்துவிடுமாம். சாப்பிடும்போது அதையெல்லாம் சொல்லுவார். என் மனைவி கையிலிருந்த அகப்பையை மறந்து கேட்டுக்கொண்டிருப்பாள். நான் வேலை முடிந்து வந்து சொன்ன எதையும் அவள் அப்படிக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

விஷயம் தோட்டத்துத் துரை காதுக்குப் போய்விட்டது. செய்து பார்க்கச் சொன்னார். மச்சான் கண்டியில் ஒரு தகரவேலைக் கடையிலிருந்து திராவகம் வாங்கி வந்தார். அதைத் தண்ணீரில் கலந்து, கழற்றி நிறுத்திய குழாய்க்குள் ஊற்றினார். நுரை பொங்கியது. மத்தியானம் ஆவதற்குள், இந்த முனையில் கண்ணை வைத்தால் அந்த முனையில் வெளிச்சம் தெரிந்தது. துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தனை வருஷத்தில் என் கையை அவர் தொட்டதே இல்லை. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கழிவுத் தண்ணீரைக் கொட்டப் போனேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தக் குழாயைத் தடவிப் பார்ப்பேன், எங்காவது ஈரம் இருக்காதா என்று. ஒரு நாள் இருந்தது. குழாயில் ஒரு பழைய வெடிப்பு. இத்தனை நாளும் அதை அடைத்து வைத்திருந்ததே அந்தக் கல்தான். நேரே துரையிடம் போய், திராவகம் ஊற்றிய குழாய் ஒழுகுகிறது என்று சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தி, இந்த வெடிப்பு எப்போது வந்தது, பிட்டர் இத்தனை காலம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

"திராவகம் கூடிப் போச்சுங்க தொரை. அவர் மேல தப்பில்ல."

துரை அவரைத் தொழிற்சாலையில் வேலைக்கு எடுத்துக்கொள்வதாக இருந்த பேச்சு அதோடு நின்றது. எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார் என்று லயத்தில் எல்லோரும் அவரைத்தான் மெச்சினார்கள். கெட்ட பேரை வாங்கிக்கொண்டும் அவர் என்னைவிட உசந்துவிட்டார். துரை கைகொடுத்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

பிறகு அவர் கண்டியில் ஒரு பஸ் கராஜில் சேர்ந்தார். ரேடியேட்டர்களில் பிடித்த சுண்ணாம்பை எடுக்கிற வேலை. ஒருமுறை பார்க்கப் போனோம். டிரைவர்மார் அவருக்காகக் காத்து நின்றார்கள். எனக்குக் கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, தன்னைவிட நான் பெரிய பிட்டர் என்று அவர்களிடம் சொன்னார். நான் நின்றபடியே குடித்து முடித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் என் மனைவி சொன்னாள்:

"அண்ணன் போட்ட கதிரையில ஒரு நிமிஷம் உக்காந்திருக்கலாம்ல நீங்க."